டார்செஸ்டர் நீதிமன்றத்தில் பள்ளிப் பிள்ளைகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே கடலையொட்டிக் கிடக்கும் டார்செட் மாவட்டத்தின் தலைநகரம் டார்செஸ்டர். அதன் மேற்கு உயர்தெருவில் போர்ட்லண்டுக் கல்லால் முகப்பு எழுப்பிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. தாமஸ் ஹார்ட்விக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1797-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதற்கு ஷயர் ஹால் என்று பெயர். மாவட்ட மன்று என்று தமிழில் சொல்லலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மாவட்டத்தின் களவும் கொலையும் கலகமும் அங்கேதான் விசாரிக்கப்பட்டன. 1955-இல் நீதிமன்றம் அங்கிருந்து நீங்கிற்று. ஆயினும் விசாரணை நடந்த மண்டபம் கலைக்கப்படவில்லை. நீதிபதியின் உயர்ந்த இருக்கையும், ஜூரிமார் அமர்ந்த பலகைகளும், குற்றவாளிக் கூண்டும் இருந்தபடியே காக்கப்பட்டன. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கட்டடம் முழுவதும் ஒரு நீதிமன்ற அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதுமுதல் அங்கே படியேறியவருள் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

பள்ளிச் சுற்றுலா என்றால் கோட்டை, கோயில், அணை, விலங்குக் காட்சிச்சாலை என்று எண்ணிப் பழகியவர்க்கு இது வியப்பாக இருக்கும். நீதிமன்றத்தில் பிள்ளைகள் காண்பதற்கு என்ன இருக்கிறது? மன்னனின் வாள் இல்லை, மகுடம் இல்லை, யானைத் தந்தம் இல்லை. மரப்பலகைகளும் கற்சுவர்களுமே உள்ளன. ஆனால் அக்கட்டடத்தின் அமைப்பே ஒரு பாடம். நீதிபதிக்கு ஒரு வாயில், பொதுமக்களுக்கு ஒரு மாடம், குற்றம் சாட்டப்பட்டவர்க்கு நிலத்தடியிலிருந்து ஏறிவரும் படிகள். மேலே உள்ளவர் கீழே உள்ளவரைத் தீர்ப்பு நாளில் மட்டுமே காண்பர். இதை ஆசிரியர் பத்து வரிகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். காவலறையின் இருளில் சிறிதுநேரம் நின்று, பின் அப்படிகளில் ஏறி, தலையை நிமிர்த்தி நீதிபதியின் இருக்கையை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து வரிகளும் தேவைப்படா.

2014 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், தொடக்கப் பள்ளி வரலாற்றில் எடுத்துக்கொள்ளத்தக்க பொருள்களுள் ஒன்றாக, ஆங்கிலோ-சாக்சன் காலத்திலிருந்து இன்றுவரை குற்றமும் தண்டனையும் மாறிவந்த கதையைச் சுட்டுகிறது. உயர்வகுப்பு மாணவர் பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வின் பாடத்திட்டம் ஒன்றிலும் இப்பொருள் உண்டு. டார்செஸ்டரில் நடந்த ஒரு வழக்கு அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே இத்தகைய நீதிமன்றங்களைப் பள்ளிகள் நாடுவதில் வியப்பில்லை. 1995-இல் நாட்டிங்காமில் தொடங்கப்பெற்று, 2017-இல் தேசிய நீதி அருங்காட்சியகம் என்று பெயர் மாறிய நிறுவனத்திலும் பழைய நீதிமன்ற மண்டபத்திலேயே மாணவர்களைக் கொண்டு போலி வழக்கு நடத்துவது வழக்கமாயிற்று. ஒருவர் நீதிபதி, இருவர் வழக்கறிஞர், பன்னிருவர் ஜூரிமார், ஒருவர் கூண்டில்.

இந்த நாடகத்தால் விளையும் நன்மையை யாரும் மறுக்கமாட்டார். சான்று என்பது என்ன, ஐயம் என்பது என்ன, ஒருவர் சொன்னதை மற்றவர் எப்படி மறுப்பது என்பனவற்றைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கின்றனர். ஆனால் டார்செஸ்டரின் புகழ்பெற்ற வழக்கை நடிக்க முற்பட்டால் ஒரு சிக்கல் எழுகிறது. பிள்ளைகள் நன்றாகப் பேசிவிடுவார்கள்.

அது எவ்வாறு சிக்கலாகும் என்பதை விளக்க அவ்வழக்கின் கதையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

ஆறு உழவுத் தொழிலாளர்

டார்செஸ்டருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஏழு மைல் தொலைவில் உள்ள சிற்றூர் டால்படில். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வூர்ப் பண்ணைகளில் உழைத்தவர்க்கு வாரக் கூலி 9 ஷில்லிங். அது 8 ஆயிற்று. பின் 7 ஆயிற்று. இனி 6 என்றனர் பண்ணையார். ரொட்டியும் வாடகையும் போக அத்தொகையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. 1830-இலும் அடுத்த ஆண்டிலும் தென்னிங்கிலாந்தின் உழவுத் தொழிலாளர் கதிரடிக்கும் பொறிகளை உடைத்தும் வைக்கோற்போர்களுக்குத் தீயிட்டும் கலகம் செய்திருந்தனர். அதற்காக நூற்றுக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டுத் தீவாந்தரம் சென்றனர். டால்படில் தொழிலாளர் அவ்வழியில் செல்லவில்லை. 1833-ஆம் ஆண்டில் வேளாண் தொழிலாளர் நட்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் லவ்லெஸ். ஏர் ஓட்டுபவர், மெதடிஸ்ட் சபையின் உபதேசியாரும் ஆவார். தம் சிறு வருவாயில் நூல்கள் வாங்கித் தாமே கற்றவர்.

தொழிற்சங்கம் அமைப்பது அப்போது குற்றமன்று. அதைத் தடுத்திருந்த சட்டங்கள் 1824-இலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே பண்ணையாரின் நண்பரும் நிலக்கிழாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன் வேறு வழி தேடினார். உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவுக்கு மடல்கள் எழுதினார். வழி கிடைத்தது. 1797-இல் ஆங்கிலக் கடற்படையின் மாலுமிகள் நோர் என்னுமிடத்தில் கலகம் செய்தபோது, கலகக்காரர் ஒருவரையொருவர் காட்டிக்கொடாதிருக்கச் சத்தியம் செய்வதைத் தடுக்கச் சட்டமொன்று இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தை ஏர் ஓட்டுவோர்மேல் ஏவலாம் என்று கண்டனர். சட்டம் பிறந்த ஆண்டும் டார்செஸ்டர் மன்று கட்டி முடிந்த ஆண்டும் ஒன்றே என்பது தற்செயல்தான். ஆயினும் அம்மண்டபத்துள் நிற்பவர் நினைவிற்கொள்ளத்தக்க தற்செயல்.

சங்கத்தில் சேர்வோர்க்குச் சடங்கொன்று இருந்தது. 1833 டிசம்பர் 9-ஆம் நாள் எட்வர்ட் லெக் என்னும் தொழிலாளி கண்கட்டி அழைத்துச் செல்லப்பட்டார், மண்டியிட்டார், எவரோ எதையோ படித்தார், ஒரு நூலை முத்தமிட்டார், கட்டு அவிழ்த்தபோது எலும்புக்கூட்டின் ஓவியம் ஒன்று காட்டப்பட்டது. சங்க நடவடிக்கைகளை வெளியிடுவதில்லை என்பதே சத்தியம். பிற்பாடு, 1834 பிப்ரவரி 22-ஆம் நாள், இத்தகைய சத்தியம் செய்வோர் ஏழாண்டுத் தீவாந்தரத்துக்கு ஆளாவர் என்னும் எச்சரிக்கை அறிவிப்பு ஊரில் ஒட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 24-ஆம் நாள் காலையில், லவ்லெஸ் வேலைக்குப் புறப்பட்டு வாயிற்படி தாண்டுமுன் கைது செய்யப்பட்டார். அவருடன் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், மைத்துனர் தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், அவர் மகன் ஜான் ஸ்டான்ஃபீல்ட், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் ஆகியோரும் பிடிபட்டனர். எச்சரிக்கை பிப்ரவரியில், குற்றமென்று காட்டப்பட்ட செயலோ முந்தைய டிசம்பரில்.

மார்ச் 17-ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. ஆண்டுக்கு இருமுறை லண்டனிலிருந்து சுற்றில் வரும் நீதிபதி முன்னிலையில் நடப்பது அந்த மன்று. அம்முறை வந்தவர் ஜான் வில்லியம்ஸ். அண்மையில்தான் அப்பதவி பெற்றவர். வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் பெருங்குழுவின் தலைவர் உள்துறை அமைச்சரின் மைத்துனர். அக்குழுவில் ஃபிராம்ப்டனும் இருந்தார். குற்றம் சாட்டியவரே குற்றச்சாட்டுக்கு அடிப்படை உண்டென்று ஒப்புதல் அளிக்கும் அவையில் அமர்ந்தார். தீர்ப்புக் கூறிய பன்னிருவரும் நிலவளம் உடையவர்; கூலி கேட்டவர்கள் கூண்டில், கூலி கொடுப்பவர்கள் ஜூரி இருக்கையில்.

மூன்று நாள் அந்த ஆறு பேரும் மன்றின் கீழிருந்த அறையில் அடைக்கப்பட்டிருந்தனர். ஆண்டில் இருமுறை மட்டுமே திறக்கப்படும் அவ்வறையில் குளிர்காய ஈரமான பச்சை விறகு தரப்பட்டதாகவும், அதன் புகையும் சுவர்களின் ஈரமும் மூச்சைத் திணறடித்ததாகவும் லவ்லெஸ் 1837-இல் வெளியிட்ட தம் சிறுநூலில் எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் இறங்கிப் பார்க்கும் இடம் அதுவே. இன்று அங்கே புகை இல்லை. அருங்காட்சியகம் எதையும் காட்டலாம். புகையை மட்டும் காட்ட இயலாது.

பேச இயலாத கூண்டு

போலி வழக்கில் கூண்டில் நிற்கும் சிறுமி, ஏழு ஷில்லிங்கில் எப்படிப் பிள்ளைகளைக் காப்பது என்று நீதிபதியைக் கேட்பாள். அவளுக்காக வாதாடும் சிறுவன் எழுந்து, இவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று ஜூரிமாரை நோக்கி முழங்குவான். பன்னிரு பிள்ளைகளும் கூடிப் பேசி, குற்றமில்லை என்று சொல்வார்கள். எல்லாரும் கைதட்டுவர். வரலாறு சரிசெய்யப்பட்டுவிடும்.

ஆனால் 1834-இல் இவற்றுள் எதுவுமே இயலாது. பெருங்குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சட்ட நுணுக்கங்களை நீதிபதியிடம் வாதிடலாம். ஆனால் ஜூரிமாரை நோக்கித் தம் கட்சிக்காரரின் தரப்பைத் தொகுத்துரைக்க அவருக்கு உரிமை இல்லை. அவ்வுரிமை 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவரோ தம் வழக்கில் தாமே சத்தியம் செய்து சாட்சி கூற முடியாது. அது பொதுவுரிமையாக வர 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சத்தியம் செய்த குற்றத்துக்காகக் கூண்டிலேற்றப்பட்ட ஆறு பேர். அவர்கள் சத்தியம் செய்து பேச மட்டும் அனுமதி இல்லை. அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன லெக்கோ, நூலொன்றைத் தொட்டுச் சத்தியம் செய்த பிறகே, தாம் நூலொன்றை முத்தமிட்டுச் சத்தியம் செய்த கதையைச் சொன்னார். முதற்சத்தியம் நீதி, இரண்டாவது சத்தியம் குற்றம்.

இதே காலத்தில் உயர்குடியினரின் கழகங்களிலும் சத்தியங்கள் நடந்தன. ஆரஞ்சுக் கழகங்களின் தலைவராயிருந்தவர் மன்னரின் உடன்பிறந்தவரான கம்பர்லண்டு கோமகன். சட்டத்தின்முன் அனைவரும் ஒன்றெனில் அவரும் தீவாந்தரம் போகவேண்டுமே என்று நாடாளுமன்றத்தில் வினா எழுந்தது. விடைகூற அமைச்சர்களால் இயலவில்லை. பின்னாளில் அவ்வறுவர் மன்னிக்கப்பட்டதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம்.

பேசுவதற்கு ஏதேனும் உண்டா என்று நீதிபதி கேட்டபோது லவ்லெஸ் ஒரு தாளை நீட்டினார். தாங்கள் எவருடைய பெயருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ கேடு செய்யவில்லை. தம்மையும் மனைவி மக்களையும் பட்டினியிலிருந்து காக்கவே ஒன்றுகூடினோம் என்பது அதன் சாரம். நீதிபதி அதைப் படித்தார். ஆனால் வாய்க்குள் முணுமுணுத்தார் என்றும், அதில் என்ன இருக்கிறது என்று அறிந்த தமக்கே ஒன்றும் விளங்கவில்லை என்றும் லவ்லெஸ் எழுதுகிறார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்றில்லாமல் எக்காலத்துக்கும் அவ்வழக்கின் முழுமையான எதிருரை அந்த ஒரு தாளே. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு வழக்குரைக்க அவை கிடைத்தது, கோவலனுக்குக் கிடைக்கவில்லை. அவன் சொல் எவர் செவியிலும் ஏறுமுன் வாள் இறங்கிவிட்டது. டார்செஸ்டரில் வாள் இல்லை; எல்லாம் முறைப்படி நடந்தது. முறைப்படி நடந்ததாலேயே அதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். கெட்ட நீதிபதி, பொய்ச்சாட்சி என்று ஒரு கதை சொல்லிவிட்டால் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வர். இங்கே சாட்சி பொய் சொல்லவில்லை. சத்தியம் நடந்தது உண்மை. சட்டத்தில் தண்டனை இருந்ததும் உண்மை.

ஆகவே போலி வழக்கில் பிள்ளைகளுக்குப் பேசும் உரிமை தருவதைவிட, ஒருமுறையேனும் அதை மறுத்துப் பார்ப்பது நல்ல ஆசிரியருக்கு அழகு. கூண்டில் நிற்பவர் வாய்திறக்கக் கூடாது. வழக்கறிஞர் ஜூரிமாரிடம் பேசக் கூடாது. சிறுமியர் ஜூரியில் அமரக் கூடாது, ஏனெனில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெண்ணுக்கு அங்கே இடமில்லை. சொந்த நிலமோ போதிய வரும்படியோ இல்லாத வீட்டுப் பையன்களும் எழுந்துவிடவேண்டும். அப்படி விலக்கிக்கொண்டே வந்தால் எத்தனை பிள்ளைகள் எஞ்சுவர் என்று வகுப்பே எண்ணிப் பார்க்கட்டும். கைதட்டல் இராது. பேருந்தில் திரும்பும்போது பேச்சு இருக்கும். ஜூரி முறையே 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இந்தியாவில் வழக்கொழிந்துவிட்டதால், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்விருக்கைகளைத் திரைப்படங்களின் வாயிலாகவே அறிமுகம்.

மார்ச் 19-ஆம் நாள் தண்டனை கூறப்பட்டது: ஆறு பேருக்கும் ஏழாண்டுத் தீவாந்தரம். தண்டனை குற்றவாளிகளுக்காக மட்டுமன்று, பிறர்க்கு எச்சரிக்கையாகவும் அமையவேண்டும் என்பது நீதிபதியின் கருத்து. அதன்பின் நடந்த ஒரு நிகழ்ச்சி கவிஞர் கூடும் இடங்களில் நினைக்கத்தக்கது. தண்டனை பெற்றதும் லவ்லெஸ் ஒரு தாளில் சில செய்யுள் வரிகளை எழுதினார். கைகள் பிணைக்கப்பட்டுச் சிறைக்கு நடத்திச் செல்லப்படுகையில் அத்தாளை வழியில் நின்றவர்களிடம் எறிந்தார். காவலர் அதைப் பறித்து உடனே நீதிபதியிடம் கொண்டு சென்றனர். அச்செயலை அரசத் துரோகத்துக்கு ஒப்பாகச் சிலர் கருதினர் என்று லவ்லெஸ் சற்றே எள்ளலோடு குறிக்கிறார். விண்ணப்பமாகத் தந்த உரைநடையை முணுமுணுத்துத் தள்ளிய நீதிமன்றம், தெருவில் எறிந்த செய்யுளைத் தேடிப் பிடித்தது. அவ்வரிகள் பின்னர்த் தொழிலாளர் இயக்கத்தின் பாடலாயின. ஏர் ஓட்டுபவன் செய்யுள் எழுதுவான் என்பதையே நம்ப மறுத்தவரும் அக்காலத்தில் இருந்திருப்பர்.

பதினாறு வயதுப் பார்வையாளர்

அதே மன்றில் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வேறொரு வழக்கு நடந்தது. மார்த்தா பிரவுன் என்னும் பெண் தன் கணவனைக் கோடரியால் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. குதிரை உதைத்து இறந்தான் என்று அவள் முதலில் சாதித்தாள். கணவன் சாட்டையால் அடித்தான், அந்த நிலையில் திருப்பி அடித்தேன் என்று தூக்குக்கு முன்னர் ஒப்புக்கொண்டாள். ஆகஸ்ட் 9-ஆம் நாள் டார்செஸ்டர்ச் சிறையின் வாயிலில், மழைத்தூறலில், பெருங்கூட்டத்தின் முன் அவள் தூக்கிலிடப்பட்டாள். அக்கூட்டத்தில் நின்றவருள் ஒருவன் பதினாறு வயதுச் சிறுவன்; அவ்வூரில் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயிலத் தொடங்கியிருந்தவன். பெயர் தாமஸ் ஹார்டி.

இளையோர் கண்காண நீதி வழங்குவது அக்காலத்தின் கல்விமுறை எனலாம். பெற்றோர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தூக்குமரத்தைக் காட்டிய நாடு அது. 1868-இல்தான் பொதுவிடத்தில் தூக்கிலிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அஞ்சித் திருந்துவர் என்பது காட்டியவர் எண்ணம். பார்த்தவனுக்கோ வேறொன்று நேர்ந்தது. காற்றில் அசைந்த அந்த உருவமும் மழையில் நனைந்த முகத்திரையும் எழுபது ஆண்டுகள் ஹார்டியை விட்டு அகலவில்லை. முதுமையிலும் அதைப்பற்றி எழுதினார். 1891-இல் அவர் வெளியிட்ட ‘டெஸ்’ நாவலின் நாயகி, தன்னைக் கெடுத்தவனைக் கொன்று தூக்கிலேறுகிறாள். அந்நாவலுக்கு மார்த்தா பிரவுனின் நினைவு வித்தாயிற்று என்று ஆய்வாளர் பலரும் கொள்வர். வேடிக்கை பார்த்தவன் பின்னாளில் டார்செஸ்டரில் கௌரவ மாஜிஸ்திரேட் பதவியும் ஏற்றான் என்பது வாழ்க்கையின் விசித்திரம். அவனுடைய நாவல்களில் காஸ்டர்பிரிட்ஜ் என்று வருவது இந்த டார்செஸ்டரே.

தூக்குமரத்தின்முன் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கும் கூண்டில் ஏற்றி விளையாடவிடப்படும் பிள்ளைக்கும் இடையே உள்ள தொலைவு நெடிது. முதலில் காட்டப்பட்டது தண்டனை. இப்போது காட்டப்படுவது விசாரணை. இம்மாற்றம் நாகரிகத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஹார்டிக்குக் கிடைத்த ஒன்று இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்: முடிவு தெரியாமல், சிரிக்க முடியாமல், திரும்பிப் போய் மறக்க முடியாமல் நிற்கும் கணம். அருங்காட்சியகம் அதைத் தரவும் கூடாது.

வருகிற பிள்ளைகளின் வயதும் கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஏழு வயது நிரம்பிய பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். பெரியவர் நின்ற அதே கூண்டு, அதே நீதிபதி. சிறாருக்கென்று தனி நீதிமன்றங்கள் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தன. வயதெல்லை 1933-இல் எட்டாகவும் 1963-இல் பத்தாகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் சிலர் அவ்வெல்லையைக் கடந்தவர், சிலர் கடக்கவிருப்பவர். விளையாட்டுக் கூண்டு சட்டப்படி அவர்களுக்கு மிகத் தொலைவில் இல்லை. மெக்காலே வரைந்து 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமும் ஏழு வயதையே எல்லையாகக் கொண்டது. அதற்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த ஏழை மாற்றவில்லை. சிறாரைத் தனியே நடத்த வேண்டுமென்ற எண்ணத்தில் சென்னை மாகாணம் முந்திக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 1920-ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டமே இந்தியாவில் அவ்வகையில் முதலாவது.

சென்னைக்கும் டால்படில் வழக்குக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, பி. பி. வாடியா அதன் தலைவர், தமிழ்த்தென்றல் திரு. வி. க. அச்சங்கத்தின் தொடக்கம் முதலே துணைநின்றவர். 1920-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைப் போராட்டத்தின்போது பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர்மேல் வழக்குத் தொடர்ந்தது. உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. ஒன்றுகூடியவர்மேல் இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் இருந்த சதிக்குற்றக் கருத்தே இங்கும் கருவியாயிற்று. அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியும் விவாதமும் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் சென்று முடிந்தன. டார்செஸ்டர் மண்டபத்தைப்போல் பெரம்பூர்ப் பிள்ளைகள் சென்று காண அவ்வழக்கிற்கென ஓர் அருங்காட்சியகம் எழவில்லை.

ஆறாமவர்

தண்டனைக்குப் பின் நாடு கொதித்தது. 1834 ஏப்ரல் 21-ஆம் நாள் லண்டனின் கோப்பன்ஹேகன் வயலில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் சென்றனர்; இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அமைச்சரிடம் கொண்டுசெல்லப்பட்டது. மெல்பர்ன் பிரபு அதை ஏற்க மறுத்தார். தண்டிக்கப்பட்டவர்களின் மனைவியர் ஊர்ப்பொது உதவி கேட்டுச் சென்றபோது அதுவும் மறுக்கப்பட்டது. நோயுற்றிருந்த லவ்லெஸ் பின்தங்கித் தனியே டாஸ்மேனியாவுக்கும், ஏனைய ஐவர் நியூ சவுத் வேல்சுக்கும் அனுப்பப்பட்டனர். 1836 மார்ச் மாதத்தில் முழு மன்னிப்பு வழங்கப்பட்டது. வழக்கறிஞர் ஜூரிமாரிடம் பேசலாம் என்னும் சட்டம் வந்த அதே ஆண்டு. செய்தி கடல்கடந்து சேர்ந்து, அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டு, கப்பல் ஏறுவதற்கு மேலும் காலம் கழிந்தது. லவ்லெஸ் 1837-இல் வந்தார்; நால்வர் 1838-இல்; ஜேம்ஸ் ஹாமெட் 1839-இல் கடைசியாக.

ஹாமெட் தவிர ஐவரும் சில ஆண்டுகளில் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தம் பழங்கதையைப் பிள்ளைகளிடமும் அவர்கள் பேசவில்லை என்பர். ஹாமெட் டால்படிலுக்கே திரும்பினார்; கட்டடக் கூலியாளாக உழைத்தார்.

அவரைப் பற்றிய செய்தி ஒன்று வழக்கின் எல்லாச் செய்திகளிலும் கனமானது. லெக் சத்தியம் செய்த டிசம்பர் 9-ஆம் நாள் ஹாமெட் அவ்வீட்டில் இல்லை. அங்கிருந்தவர் அவருடைய தம்பி ஜான் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். தம்பியின் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள் என்பது செவிவழிச் செய்தி. நான் அங்கே இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் இருந்தது யார் என்பதாக இருந்திருக்கும். மூன்று நாளும் ஹாமெட் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சட்டம் விதித்த மௌனத்தின் நடுவே அவர் தாமே மேற்கொண்ட மௌனமும் ஒன்று இருந்தது.

1875-இல் உழவுத் தொழிலாளர் சங்கத்தார் அவரை அழைத்துச் சிறப்புச் செய்தனர். பார்வை குன்றிய முதுமையில் டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் 1891 நவம்பரில் இறந்தார். டால்படில் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறைமேல், நூற்றாண்டு விழா நடந்த 1934-இல், சிற்பி எரிக் கில் செதுக்கிய கல் நாட்டப்பட்டது. தொழிற்சங்கக் காங்கிரஸ் அதே ஆண்டில் அவ்வூரில் முதிய தொழிலாளருக்கென ஆறு சிறு வீடுகளைக் கட்டியது. ஒவ்வொரு வீட்டிற்கும் கூண்டில் நின்ற ஒருவரின் பெயர்.